கடலுக்குப் போகாத நீல மீன்கள்

பாஸ்போர்ட் இல்லாமல் நான் போய்வந்த ஒரே வெளிநாடு ஒரகடம். சிரிக்க வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து வந்து அந்தக் கூட்டுச்சாலையில் காலையில் இறங்கியபோது, கண்ணில் பட்ட முதல் பெயர்ப்பலகை ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அடுத்தது கொரிய எழுத்து. அதற்கும் அடுத்ததுதான் தமிழ். 'ரூம் வாடகைக்கு, லேடீஸ் ஒன்லி' என்றது அது. மூன்றில் எனக்கு உபயோகப்படக்கூடியது அது ஒன்றுதான் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைப் பார்க்கிற ஆராய்ச்சிக்காரி. எங்கள் ஊர் மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். பார் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும். எங்கள் கரையோரம் பல இடங்களில் பார் செத்துவிட்டது. அங்கெல்லாம் துளை போட்ட கான்கிரீட் கற்களை இறக்கி, அதன்மேல் புதுப் பவளம் வளருமா என்று பார்க்கிறோம். லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் வந்திருந்த புதிது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பெனி, கற்களைச் செய்து தருகிறோம் என்று முன்வந்தது. செய்வதைத் தூத்துக்குடியில் செய்திருக்கலாம். ஆனால் கற்களை வழியனுப்பும் விழாவுக்கு வரப்போகும் பெரிய அதிகாரி ஒரகடத்துக்குத்தான் வருவார். ஆகவே கற்களும் ஒரகடத்தில் பிறந்தாக வேண்டியிருந்தது. லாரியில் ஏற்றுவதற்குமுன் யாராவது பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எங்கள் இயக்குநருக்கு முதுகுவலி. கடல் கல்லைப் பார்க்கக் கடலே இல்லாத ஊருக்கு நான் கிளம்பினேன்.

ஆட்டோக்காரரிடம் கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"அதுல எந்த பிளான்ட்டு மேடம்? மூணு கீது."

"தெரியலையே. காருக்குப் பாகம் செய்யுறாங்க."

"இங்க எல்லாருமே அதத்தான் செய்றாங்க. பார்ட் பார்ட்டா செஞ்சிக்கினு கீறாங்க. முழுசா ஒரு காரு ஓட்றவன் எவனும் எங்க ஆட்டோல ஏற மாட்டான்."

முதல் கேட்டில் காவலாளி என் பையைத் திறந்து பார்த்து, உள்ளேயிருந்த கருவாட்டின் மணத்தில் அரை அடி பின்வாங்கி, இது வேறு பிளான்ட் என்றார். இரண்டாவது கேட்டில் என்னை யாரோ பயிற்சிக்கு வந்தவள் என்று நினைத்து மஞ்சள் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டார்கள். சரியான கேட்டை அடைந்தபோது நான் தொப்பியோடுதான் இறங்கினேன். வாசலில் காத்திருந்த கோபிநாத் அதைப் பார்த்துவிட்டு, "மேடம் ரொம்ப சேஃப்டி பார்ப்பீங்க போல" என்று மரியாதையாகச் சொன்னார்.

கோபிநாத் கம்பெனியின் சமூகநலப் பிரிவைப் பார்ப்பவர். நாற்பதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் யாரோ திட்டப்போகிறார்கள் என்பது போன்ற முகம். நேராகக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், ஒரு மூலையில் ஜப்பானியர்களுக்காகக் கொழகொழ சோறு. மீன் இல்லையா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை உண்டு என்றார். பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். "அது மீனு இல்லக்கா, மீன் மாதிரி" என்றான் ஒருவன். திருநெல்வேலிக் குரல். அந்தக் கேன்டீனில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் இருப்பதாகவே தோன்றும்.

சாப்பிட்டதும் சேரப்பணஞ்சேரிப் பக்கம் கற்களை வார்க்கும் இடத்துக்குப் போனோம். ஏரிக்கு மேட்டில், கம்பெனியின் பின்மதிலை ஒட்டி ஒரு வெட்டவெளி. வார்ப்பு மேஸ்திரி லோகநாதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். தார்ப்பாயை அவர் கையாலேயே விலக்கினார்.

கற்களில் பாதி பளபளவென்று நீல எனாமல் பெயின்டில் மின்னின. ஒவ்வொன்றிலும் ஒரு மீன். சிவந்த உதடு, நீண்ட கண்ணிமை, ஒன்றிரண்டுக்கு நெற்றியில் பொட்டும் இருந்தது. மீன்களுக்கு மேலே கம்பெனியின் சின்னம். கீழே 'கடல் அன்னைக்கு எங்கள் அன்புப் பரிசு'.

"எல்லாம் நானே வரைஞ்சது மேடம்" என்றார் லோகநாதன். "சின்ன வயசுல போர்டு எழுதிக்கினு இருந்தேன். மீதிய நாளைக்கு முடிச்சிடுவேன்."

"ரொம்ப அழகா இருக்குண்ணே" என்றேன். உண்மையாகவே அழகுதான். அதுதான் சங்கடம்.

பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். பவளம் செடி இல்லை, உயிர். அதன் குஞ்சு கடுகைவிடச் சிறியது. தண்ணீரில் மிதந்து வந்து, சொரசொரப்பான இடம் தேடி ஒட்டிக்கொண்டு, அங்கேயே வீடு கட்டிக்கொள்ளும். வழவழப்பான எனாமல் மேல் அது தங்காது. பெயின்ட் உப்புத்தண்ணீரில் ஊறி உரிந்தால் அந்தத் தண்ணீரும் கெடும். பூசாத கற்கள் முதல்தரம். பூசியவற்றைக் கடலில் போட முடியாது.

லோகநாதன் கையைக் கட்டிக்கொண்டார். "இன்னா மேடம் இப்டி சொல்லிட்டீங்க? புது வூடு கட்னா பெயின்ட் அடிக்காம யாருனா குடிபோவாங்களா?"

கோபிநாத்தின் முகத்தில் அந்தத் 'திட்டு' வந்தே விட்டது. நாளை மறுநாள் விழா. அதிகாரி ஜப்பானிலிருந்து புறப்பட்டாகிவிட்டது. வெறும் சாம்பல் கல்லை எப்படிக் காட்டுவது? ஓரமாகப் போய்ப் போனில் பேசினார். திரும்பி வரும்போது முகத்தில் கொஞ்சம் தெளிவு. "நாளைக்கே பெயின்ட் ரிமூவர் போட்டுக் கழுவிடச் சொல்லிட்டாங்க மேடம். சின்னத்தை மட்டும் பேனர்ல அடிச்சுப்பாங்க." எனக்குப் பரம திருப்தி. கடலைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

விருந்தினர் விடுதியில் தங்கச் சொன்னார்கள். நான் ஜெசிந்தாவின் அறைக்குப் போனேன். ஜெசிந்தா என் சித்தி மகள். கார் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் லைனில் வேலை. தோழிகளோடு பக்கத்திலேயே ஓர் அறையில் இருந்தாள். அஞ்சலை என்பவரின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் அது ஒன்று. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகர்கோவில் என்று மூன்று மாவட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது.

"எக்கா, மெதுவா பிரிங்க. அஞ்சலையக்கா மோப்பம் புடிச்சா திட்டும்" என்றாள் ஜெசிந்தா.

அஞ்சலையக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் பால் சொம்பு. கருவாட்டை உற்றுப் பார்த்தார்.

"இன்னா கருவாடு இது?"

"சீலாக்கா."

"இத்த ரூம்ல வச்சி வதக்கினா வூடே நாறும்." ஒன்றை எடுத்து முகர்ந்தார். "என் அடுப்புக்குக் கொண்டா. விறகடுப்புல செஞ்சாத்தான் நல்லாருக்கும்."

விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். நாங்கள் தேங்காய் அரைத்து ஊற்றும் இடத்தில் அவர் புளியை ஊற்றினார். மனசுக்குள் குறை சொல்லிக்கொண்டே மறுசோறு வாங்கினேன். என் வேலையைக் கேட்டார். சொன்னேன்.

"கடல்ல இருந்த கல்லு இன்னா ஆச்சி?"

அதையும் சொன்னேன். வருஷக்கணக்காகப் பவளத்தை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டோம். வீடு கட்டினோம். என் தாய்மாமா வீட்டுச் சுற்றுச்சுவரே பவளக்கல்தான். இப்போது தடை வந்துவிட்டது. ஆனாலும் ஊர்ச் சாக்கடை, அடியைச் சுரண்டும் வலை, சேறு என்று பாரை மூட ஆயிரம் வழி இருக்கிறது.

அஞ்சலையக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களே உடைச்சி வித்துட்டு, இப்ப நீங்களே கல்லு செஞ்சி எடுத்துனு போய்ப் போடறீங்களா? அதுவும் எங்க ஊர்லர்ந்து?"

"ஆமாக்கா."

"நல்ல பொழப்பு." கரண்டியை வழித்துக்கொண்டார். "நாங்களும் அப்டித்தான். நிலத்த வித்தோம். இப்ப கம்பெனிக்காரன் மரம் நடறான். அவன் நட்ட மரத்துக்கு நான் தண்ணி ஊத்தறேன், கூலிக்கு."

மறுநாள் காலை ஒரு தவறு செய்தேன். ஜெசிந்தா ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். சாலையில் வந்து நின்ற வெள்ளை பஸ்ஸில், கோபிநாத்தின் கம்பெனி வண்டிதான் என்று ஏறிவிட்டேன். அந்த வட்டாரத்தில் எல்லாக் கம்பெனி வண்டியும் வெள்ளை. உள்ளே எல்லாப் பெண்களும் தூக்கத்தில். எழுப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. வண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கண்ணாடி செய்யும் கம்பெனிக்குள் போய் நின்றது. வெளியே வர எனக்கு விசிட்டர் பாஸ் வேண்டுமாம். உள்ளே போகவே பாஸ் இல்லாதவள் வெளியே போகப் பாஸ் எங்கே வாங்குவது? ஓட்டுநர் இரக்கப்பட்டு, காலி வண்டியில் என்னைக் கல்யாணப் பெண்ணை அழைத்துவருவதுபோல் ஒற்றை ஆளாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கழுவும் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ரிமூவரைத் தடவி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மீன்களின் உதடு கரைந்து கன்னத்தில் வழிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் லோகநாதன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் தள்ளி நின்று, அடியில் சாம்பல் நிறம் தெரியத் தெரியச் சந்தோஷப்பட்டேன்.

அப்போது மேட்டுக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம். அஞ்சலையக்கா ஓர் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். எருமையின் வயிறும் மூக்கும் நீலமாக இருந்தன.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். நானும் சிரித்திருப்பேன், அஞ்சலையக்காவின் முகத்தைப் பார்க்காதிருந்தால்.

"யாரு இந்தத் தண்ணிய வுட்டது?"

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக நீலமாக இறங்கி, ஏரியின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம். மழையில் நிறைந்த ஏரி. அந்த ஓரத்தில்தான் அவர் எருமைகள் தினமும் இறங்கும்.

"கழுவச் சொல்லி ஆர்டர்க்கா" என்றார் லோகநாதன்.

"யார் சொன்னது?"

லோகநாதன் என்னைப் பார்த்தார். வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். எருமையும் பார்த்தது.

"நேத்து என் வூட்ல சோறு துன்னப்ப நீ இத்த சொல்லலியேம்மா" என்றார் அஞ்சலையக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன் கடலு சுத்தமா இருக்கணும். அதுக்கு என் ஏரில ஊத்தணுமா?"

எனக்குத் தெரிந்த பதில் அந்தக் கேள்வியைவிட மோசம். அந்த வட்டார ஏரிகள் நிறைந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி அடையாற்றில் சேரும். அடையாறு கடலில் சேரும். நான் கடலில் போடக்கூடாது என்ற பெயின்டைத்தான், கொஞ்சம் சுற்றுவழியாகக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னுடைய கடற்கரைக்கு இல்லை, மயிலாப்பூர்க்காரர்கள் காற்று வாங்கும் கடற்கரைக்கு.

"குழாய நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அஞ்சலையக்கா எருமையை விட்டுவிட்டு நேராகப் போய்க் குழாயைத் திருகி மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் பேச நேரமில்லை. மண் மூட்டைகளை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டோம். மேலே மரத்தூள் கொட்டினோம். தேங்கிய நீலச் சேற்றை மண்வெட்டியால் அள்ளி இரும்பு டிரம்களில் நிரப்பினோம். எனக்கு மூச்சு வாங்கியது. கடலுக்கடியில் மணிக்கணக்கில் இருப்பவள், கரையில் அரைமணி வேலைக்குத் திணறினேன். அஞ்சலையக்கா அந்த நேரத்திலும், "சிலிண்டர் மாட்டிக்கறியாம்மா?" என்று கேட்டார். பேச ஆரம்பித்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. எருமைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தோம். மூக்கு சுலபமாகப் போனது. வயிறு மட்டும் கொஞ்ச நாள் நீலமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

கோபிநாத் வந்து இறங்கியபோது பார்த்த காட்சி இது: பாதி அழிந்த மீன்கள், நீல டிரம்கள், நீல எருமை, நீலக் கையோடு நான். அஞ்சலையக்கா கை நீட்டி ஏரி ஓரத்தைக் காட்டினார். அங்கே தண்ணீர் மேல் நீலம் ஒரு பாய் அளவுக்குப் படர்ந்திருந்தது.

அவருடைய போன் அடித்தது. மேலிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இல்ல சார்... முடியல சார். மீதிய கழுவ மாட்டோம் சார்." காது சிவந்தது. "தெரியும் சார், நாளைக்குத்தான். தெரியும். ஆனா இந்தத் தண்ணி ஏரிக்குப் போகுது சார். இல்ல, யாரும் போட்டோ எடுக்கல. எடுக்கலைன்னா பரவாயில்லையா சார்?" ஏரி ஓரத்தை ஒருமுறை பார்த்தார். "ஜப்பான் சார்கிட்ட நானே சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு, கழுவிவைத்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத கால்சட்டையில் நீலம் ஒட்டிக்கொண்டது. கவனிக்கவில்லை. "இந்த வருஷம் பையன பெரிய ஸ்கூலுக்கு மாத்தலாம்னு இருந்தேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். பிறகு எழுந்து, அவர்கள் பெயின்ட் கழிவை அனுப்புகிற இடத்துக்கே இந்த டிரம்களையும் அனுப்ப வண்டிக்குச் சொன்னார்.

விழா அன்று கூரை போட்டிருந்தார்கள், மாலை போட்டிருந்தார்கள், மேடைக்கு எதிரே அழுமூஞ்சி மாதிரி சாம்பல் கற்கள். ஜப்பானிய அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். வெயிலைக் கைகாட்டி அவர் நீளமாக ஏதோ சொல்ல, மொழிபெயர்க்க வந்த காஞ்சிபுரத்துப் பெண், "சார் ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க" என்றாள்.

கோபிநாத் எழுந்தார். எழுதிவைத்த பேச்சைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார். பெயின்ட் பூசியதையும், கழுவியதையும், ஏரியையும் ஒளிக்காமல் சொன்னார். தவறு எங்களுடையது என்றார். மொழிபெயர்ப்புப் பெண் எருமை நீலமான இடத்தில் தடுமாறி, ஒருமுறை தன் வயிற்றைத் தொட்டுக் காட்டவேண்டி வந்தது. மேலாளர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அதிகாரி ஒரு வார்த்தை கேட்டார். அந்தப் பெண் சரியாகக் கேட்டோமா என்று மறுபடி கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள். "எருமை இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறாங்க."

கடைசி வரிசையிலிருந்து அஞ்சலையக்கா எழுந்தார். "நல்லாக் கீது. காலையில பால் கறந்துச்சி. வெள்ளையாத்தான் கறந்துச்சி."

அதிகாரி சிரித்தார். கோபிநாத்துக்கு மூச்சு வந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. நேரடி மேலாளர் அவரோடு அன்று பேசவே இல்லை.

பூசாத கற்களை மட்டும் லாரிகளில் ஏற்றினோம்; கழுவியவற்றில் ரிமூவர் ஊறியிருந்தது. கேட்டதில் பாதிதான். இயக்குநர் போனில் முனகினார், முதுகுக்காகவும் கற்களுக்காகவும். அந்தப் பாதியைக் கோடையில் கடலில் இறக்கினோம். அடுத்த வருஷம் நான் மூழ்கிப் பார்த்தபோது, துளைகளின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் பவளக்குஞ்சுகள் ஒட்டியிருந்தன. நிறைய இல்லை. ஆனால் இருந்தன. மீதி நீலக் கற்களை, ஜெசிந்தா சொன்ன யோசனைப்படி, பெண்கள் ஷிஃப்டு பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் வரிசையாகப் போட்டார்கள். முன்பெல்லாம் அங்கே நின்றுகொண்டே தூங்குவார்கள். லோகநாதன் அழிந்த உதடுகளுக்கெல்லாம் மறுபடி சிவப்பு வைத்தார்.

விழா அன்று லாரிகள் போனபிறகு எனக்கு ஊருக்குக் கிளம்பும் வேலைதான் பாக்கி. கோபிநாத் தயங்கித் தயங்கி, "ஏரியை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கலாமா மேடம்?" என்றார். அந்த ஏரிக்கரையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவர் ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லையாம். அஞ்சலையக்கா முன்னே நடந்தார்.

நீலம் கரையோரம் ஒதுங்கி, அள்ளியது போக மெல்லிய கோடாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம். சம்புப் புல்லுக்குள் ஒரு சிமென்ட் குழாயின் வாய். அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் கசிந்தது. விழுந்த இடத்தில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக விரிந்தது. இது நேற்றைய விஷயம் இல்லை. குழாயின் உதட்டில் கறுப்பு தடித்துப் போயிருந்தது.

கோபிநாத் திரும்பித் தன் கம்பெனியின் மதிலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "இது எங்களோடதா?"

"பின்ன, என்னோடதா?" என்றார் அஞ்சலையக்கா.

மழைத்தண்ணீர்க் குழாய்தான், வண்டி கழுவும் இடத்திலிருந்து ஏதோ கலந்திருக்கலாம், மேலிருந்து தேடினால் தெரியாது, இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஷூவைக் கழற்றினார். சாக்ஸை மடித்து உள்ளே வைத்தார். கால்சட்டையை முட்டிவரை சுருட்டினார்.

"மேடம், நீங்க இன்னும் ஒரு நாள் இருக்க முடியுமா? இது எங்கேர்ந்து வருதுன்னு நாளைக்குள்ள கண்டுபிடிச்சிடலாம்."

அன்று மாலை பஸ்ஸில் எனக்கு இடம் போட்டிருந்தது. வீட்டில் மறுநாளைக்கு விளமீன் வாங்கிவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "இருக்கேன்" என்றேன்.

அவர் சேற்றில் காலை வைத்தார். முதல் அடியிலேயே முழங்கால்வரை இறங்கியது. நான் பதறிப்போய், "மேல வாங்க சார், பாம்பு கெடக்கும்" என்று கையை நீட்டினேன்.

அஞ்சலையக்கா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"எறங்கட்டும் வுடும்மா. கம்பெனி வந்ததுலர்ந்து இவரு ஒருத்தர்தான் எறங்கியிருக்காரு."